தாங்சேயிலிருந்து திரும்பிப் போனவர்

நான் நடத்திய லடாக் பயணக் குழுவில் வந்த ஒரு பெரியவரைப் பாதி வழியில் கீழே அனுப்பியது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். மருத்துவம் தெரிந்த நண்பர்களிடம் கேட்டபோது அவர்களும் அதையே சொன்னார்கள். அப்படியிருந்தும் பாங்காங் ஏரிக்குப் போகும் வழியில் இருக்கிற தாங்சே என்ற ஊரில் கழிந்த அந்த அரை மணி நேரத்தை மனது விடமாட்டேன் என்கிறது.

லடாக்கில் குழு நடத்துகிறவர்களுக்கு அந்த நாளைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. நுப்ரா பள்ளத்தாக்கில் உள்ள ஹுண்டரில் தூங்கி எழுந்து, ஷியோக் ஆற்றோரமாகவே வந்து, மாலைக்குள் பாங்காங் ஏரிக்குப் போய்ச் சேர வேண்டும். ஹுண்டர் சுமார் 3,100 மீட்டர். ஏரிக்கரை 4,200க்கு மேல். ஒரே பகலில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறி, அங்கேயே படுக்கவும் வேண்டும். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. எங்கள் பயணத் திட்டத்தில் அந்த ஒரு நாள் அதற்குள் அடங்குவதில்லை. லேயில் ஓய்வு கொடுத்தோம், கர்துங் லா கணவாயைத் தாண்டினோம், உடம்பு பழகியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்வோம். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. அதனால்தான் திட்டமும் மாறாமல் இருக்கிறது.

தாங்சேயில் வண்டி நின்றதும் குழுவில் வந்த ஒரு அம்மா என்னிடம் வந்தார். "தம்பி, நேத்து ராத்திரி இவருக்கு மூச்சு நின்னு நின்னு வந்துச்சு. காலைலேர்ந்து இருமல் வேற. ஒரு தடவை பாருங்களேன்." கணவரும் பக்கத்திலேயே இருந்தார். அவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். குழுவிலேயே ஆர்வமாகக் கேள்வி கேட்டுக்கொண்டு வந்தவர்.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது உயரத்தில் பலருக்கும் நடப்பதுதான். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இருமலும் அப்படித்தான். ஷியோக் பாதையின் புழுதியில் வந்த எல்லோருமே இருமிக்கொண்டிருந்தோம். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று விரலில் வைத்துப் பார்க்கும் ஆக்சிமீட்டர் 78 சதவீதம் காட்டியது. கை சில்லிட்டிருந்தால் அது சரியாகக் காட்டாது என்பதால் உள்ளங்கையைத் தேய்க்கச் சொல்லி மறுபடி வைத்தேன். 81. மற்றவர்களுக்கு 85க்கு மேல் இருந்தது. தலைவலி இல்லை என்றார். குதிகாலைப் பெருவிரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னேன், தடுமாறாமல் நடந்தார். அப்புறம் வண்டிக்குப் போகும் சின்ன ஏற்றத்தில் பாதியில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். முந்தின நாள் ஹுண்டரில் மணல்மேட்டின் மேல் எனக்கு முன்னால் ஏறிப் போனவர் அவர்.

உயரத்தால் நுரையீரலில் நீர் சேர்வது இப்படித்தான் ஆரம்பிக்கும். வறட்டு இருமல், வழக்கமான நடைக்கே மூச்சு வாங்குவது, அதற்கு மேல் அப்போதைக்கு ஒன்றும் இருக்காது. ராத்திரியில்தான் மோசமாகும். சார்லஸ் ஹூஸ்டன் என்ற அமெரிக்க மருத்துவர் 1960இல் இதைத் தனி நோயாக எழுதும்வரை, இப்படி மலையில் இறந்தவர்கள் பலருக்கு நிமோனியா என்றே காரணம் எழுதிவந்தார்கள். 1962 போரையொட்டிச் சமவெளியிலிருந்து அவசரமாக மேலே கொண்டுபோகப்பட்ட நம் படைவீரர்கள் பலரை இது தாக்கியது. இந்தர் சிங்கும் அவரோடு பணியாற்றிய ராணுவ மருத்துவர்களும் 1965இல் அதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். நல்ல உடல்வலு உள்ள இளைஞர்கள் அவர்கள். இதெல்லாம் தெரிந்த பிறகு "புழுதி இருமல்தான்" என்று சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

மருத்துவமனையில் ஒரு முறை காட்டிவிடலாம் என்றேன். வேண்டாம் என்றார். அப்படியானால் ஏரிக்குக் கூட்டிப்போக முடியாது, ஹுண்டருக்கே திரும்பிவிடுங்கள் என்றேன்.

"நான் எழுதிக் குடுத்துடறேன் தம்பி. என்ன ஆனாலும் என் பொறுப்பு. உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது."

"எழுதிக் குடுக்கலாம் ஐயா. ராத்திரி ரெண்டு மணிக்கு உங்களுக்கு மூச்சு முட்டினா, அந்தப் பேப்பரை வச்சு நான் என்ன செய்யறது?"

எல்லோர் முன்னாலும் சொன்னேன். அந்த அம்மாவின் முகம் வெளுத்துப் போனது. இன்னும் மென்மையாகச் சொல்லியிருக்கலாமா? மென்மையாகச் சொல்லியிருந்தால் அவர் போகவே மாட்டார் என்றும் தோன்றுகிறது. இரண்டும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

எங்கே அனுப்புவது என்பதும் எளிதான கேள்வி இல்லை. தாங்சேயிலிருந்து நேராக லேவுக்குப் போனால் 5,300 மீட்டருக்கு மேல் உள்ள சாங் லா கணவாயைத் தாண்ட வேண்டும். இறங்குவதற்காக முதலில் ஏற வேண்டும். ஷியோக் வழியாகத் திரும்பினால் பாதை தாழ்ந்துகொண்டே போகும், நுப்ராவில் உள்ள திஸ்கித்தில் மருத்துவமனையும் உண்டு. ஆனால் நுப்ராவிலிருந்து லேவுக்குப் போக, பிறகு கர்துங் லாவைத் தாண்டித்தான் ஆக வேண்டும். முதலில் அன்றைய ராத்திரியைப் பார்ப்போம் என்று நுப்ராவைத் தேர்ந்தெடுத்தேன். காரில் அவர்கள் இருவரும், ஆக்சிஜன் சிலிண்டரும், அந்தப் பாதையிலேயே வளர்ந்த டிரைவரும். நான் கூடப் போகவில்லை. மற்றவர்களுக்கு வேறு ஆள் கிடையாது.

மறுநாள் சிக்னல் கிடைத்ததும் கூப்பிட்டேன். ஹுண்டருக்குப் போன சில மணி நேரத்திலேயே மூச்சு சரியாகிவிட்டதாம். ராத்திரி நன்றாகத் தூங்கினாராம். திஸ்கித் மருத்துவமனைக்குப் போகவே இல்லை.

இந்த வேலையில் எனக்குப் பிடிபடாத இடம் இதுதான். இறக்கியதால் சரியானாரா, எதுவுமே இல்லாததால் சரியாக இருந்தாரா? இறக்கிவிட்டால் நோய் வந்திருக்குமா என்பதற்கான சாட்சியும் அதோடு போய்விடுகிறது. முடிவு சரியா என்று சோதிக்க ஒரே வழி அவரை ஏரிக்குக் கூட்டிப்போய்ப் பார்த்திருப்பதுதான். அதை எப்படிச் செய்ய முடியும்?

இதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன்.

அன்றிரவு பாங்காங் கேம்பில், குழுவின் மிக இளையவன் வாந்தியெடுக்க ஆரம்பித்தான். தலையைத் தூக்க முடியாத வலி. தினமும் ஓடுகிற பையன். தாங்சேயில் ஆக்சிமீட்டரில் நல்ல எண் காட்டியவனும் அவன்தான். விடியும்வரை டென்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இருந்த இன்னொரு சிலிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பேரைக் கேட்பேன், எங்கே இருக்கிறோம் என்று கேட்பேன். பதில் குழறினால் அந்த இருட்டிலேயே கிளம்பிவிடுவது என்று டிரைவரிடம் சொல்லி வைத்திருந்தேன். நல்லவேளை, குழறவில்லை. வெளிச்சம் வந்ததும் எல்லோரையும் கிளப்பி, சாங் லாவில் நிற்காமல் இறக்கினேன்.

லேயில் கொஞ்சம் தெளிந்த பிறகு எப்போதிலிருந்து தலைவலி என்று கேட்டேன். தாங்சேவுக்கு முன்னாலிருந்தே என்றான். பாராசிட்டமால் போட்டுக்கொண்டானாம்.

"ஏன்டா சொல்லலை?"

"சொன்னா என்னையும் திருப்பி அனுப்பிடுவீங்கன்னு நினைச்சேன்ணா."

கணவனும் மனைவியும் கர்துங் லா வழியாக அன்று மாலை லேவுக்கு வந்து சேர்ந்தார்கள். அவருக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "அவ்வளவு பெரிய கணவாயைத் தாண்டி வந்தேனே, ஒண்ணும் ஆகலையே" என்றார். கணவாயில் கால் மணி நேரம் நின்றுவிட்டு இறங்குவதும், உயரத்திலேயே ராத்திரி முழுக்கப் படுத்திருப்பதும் ஒன்றல்ல என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார். அதற்குள் அந்தப் பையனின் விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது.

"இவ வாயைத் திறக்காம இருந்திருந்தா, என்னையும் கூட்டிட்டுப் போயிருப்பீங்க. இல்லையா தம்பி?"

ஆமாம் என்றேன். வேறு பதில் என்னிடம் இல்லை. அந்த அம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தார், எதுவும் பேசவில்லை.

அந்த "ஆமாம்" உண்மை என்பதுதான் வலிக்கிறது. எல்லோரையும் ஒரே மாதிரிதான் பார்த்தேன் என்று வாதாடலாம்: எல்லோருக்கும் ஆக்சிமீட்டர் வைத்தேன், எல்லோரிடமும் தலைவலி உண்டா என்று கேட்டேன். ஆனால் வயதானவர் நடந்ததைக் கவனித்த மாதிரி அந்தப் பையன் நடந்ததைக் கவனித்தேனா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உயர நோய்க்கு வயதும் தெரியாது, உடற்பயிற்சியும் தெரியாது என்று ஒவ்வொரு குழுவிடமும் சொல்கிறவன் நான்தான். சரி, கவனித்திருந்தாலும் மாத்திரை போட்டவனிடம் என்ன தெரிந்திருக்கும்? உயர நோய் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி குழுவில் வருகிறவர்கள் வாயால் சொல்வதுதான். அன்று எல்லோர் கண் முன்னாலும் நடந்தது என்ன? சொன்னவர்கள் ஏரியைப் பார்க்கவில்லை. சொல்லாதவர்கள் பார்த்தார்கள். அதற்குப் பிறகு எந்தக் குழுவில் யார் "நல்லா இருக்கேன் சார்" என்றாலும் எனக்குப் பாதிதான் நம்பிக்கை வருகிறது.

இப்போது லேயில் ஓய்வு நாளன்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசுகிறேன். அந்தப் பையனின் கதையைப் பெயரில்லாமல் சொல்கிறேன். "எதுவாக இருந்தாலும் சொல்லுங்க, சொன்னதுக்காக உடனே திருப்பி அனுப்ப மாட்டேன்" என்கிறேன். சொல்லும்போதே தயக்கமாக இருக்கிறது. தாங்சேயில் பார்த்ததையே மறுபடி பார்த்தால், திருப்பித்தான் அனுப்புவேன். காக்க முடியாத வாக்கைக் கொடுத்து உண்மையை வாங்குவது நியாயமா என்று தெரியவில்லை. வாக்குக் கொடுக்காமல் இருந்தால் யாரும் வாய் திறப்பதில்லை.

தாங்சேயிலேயே ஒரு இரவு தங்குகிற மாதிரி திட்டத்தை மாற்றச் சொல்லி அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன். ஏற்றம் இரண்டு நாளாகப் பிரியும், தலைவலி என்று சொல்கிறவர்களை ஒரு ராத்திரி வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். ஒரு நாள் கூடினால் லீவு கிடைக்காமல் ஆட்கள் குறைவார்கள் என்கிறார்கள். அதுவும் பொய்யில்லை. அடுத்த சீசனுக்குள் இன்னொரு முறை கேட்கப் போகிறேன்.