டிக்கி கண்ணாடி மறுபடி ஏறி இறங்குது

3 வாரமா எஸ்யூவியோட டிக்கிக் கதவுக் கண்ணாடி பாதியிலேயே நின்னு கிடந்துச்சு. சுவிட்சை அமுக்கினா சத்தமே இல்லை. பார்த்தவங்க மோட்டார் போச்சு, மாத்தணும்னாங்க. மனசு ஒப்பல, நானே பிரிச்சேன்.

ஃப்யூஸ் நல்லா இருந்துச்சு. உள் பேனலைக் கழட்டி, மோட்டார் பிளக்கை உருவிட்டு நேரடியா 12 வோல்ட் கொடுத்தேன். கண்ணாடி சரசரன்னு ஏறுச்சு! வயரை மாத்திப் பிடிச்சா இறங்குது. அப்போ மோட்டார் மேல குத்தமே இல்லை, கரண்ட்தான் வந்து சேரல.

கதவுக் கீல் பக்கத்துல ஒரு ரப்பர் உறை இருக்கும். வயரெல்லாம் அது வழியாத்தான் கதவுக்குள்ள போகும், கதவைத் திறக்குற ஒவ்வொரு தடவையும் அங்கேதான் மடங்கும். உறையைத் தள்ளிப் பார்த்தா, ஒரு வயரோட மேல்தோல் வெடிச்சு, செம்புக் கம்பி பச்சை பூத்து, ரெண்டா அத்துக் கிடக்கு.

பேட்டரியைக் கழட்டிட்டு புது வயர்த் துண்டு வச்சு சால்டர் பண்ணினேன். ஒட்டு மடங்குற இடத்துல வந்தா திரும்ப ஒடியும். அதனால ரெண்டு பக்கமும் தள்ளி ஒட்டி, கொஞ்சம் தளர்வா விட்டேன். வெறுமனே முறுக்கி டேப் சுத்தி விட்டுடாதீங்க, தயவுசெஞ்சு.

இப்ப விரல் வச்சதுமே கண்ணாடி மேல போகுது. காலையிலேருந்து ஏத்தி இறக்கிப் பார்த்துக்கிட்டே இருக்கேன், அவ்வளவு சந்தோஷம்.