கால்சியம் கொடுத்த பாடு: ஒரு நொதியின் படிகத்தைத் தேடி

உருளைக்கிழங்கு அழுகிக் கொழகொழவென்று ஆகிறதே, அதில் பெரிய பங்கு பெக்டேட் லயேஸ் என்ற நொதிக்கு உண்டு. செடியின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் சங்கிலியை பாக்டீரியா இதை வைத்துத்தான் அறுக்கிறது. அப்படி ஒரு நொதியைப் படிகமாக்கி, எக்ஸ்ரே பாய்ச்சி, அதன் அணு அமைப்பைக் காண்பதுதான் என் முனைவர் பட்ட வேலை.

நொதியைத் தயாரிப்பதில் சிரமமில்லை. மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவில் ஏற்றி, அது செய்த நொதியை நிக்கல் ஏற்றிய வடிகுழாயில் பிரித்தெடுத்தேன். பெக்டினோடு கலந்ததும் 235 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் சரசரவென்று ஏறியது. சங்கிலி அறுபடும் இடத்தில் உண்டாகும் இரட்டைப் பிணைப்பின் அடையாளம் அது.

படிகம் வளர்ப்பதில்தான் மாட்டிக்கொண்டேன். 24 குழிகள் உள்ள தட்டு. ஒவ்வொரு குழியையும் மூடும் கண்ணாடியின் அடியில் 2 மைக்ரோலிட்டர் துளி தொங்கும். துளியின் நீர் மெல்ல ஆவியாகிக் கீழே இருக்கும் பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) கரைசலுக்குப் போகப் போக, புரதம் அடர்ந்து ஒழுங்காக அடுக்கிக்கொள்ள வேண்டும். மூன்று மாதம் பழுப்புப் படிவுதான் வந்தது.

ஒரு நாள் காலை, நுண்ணோக்கியில் பளபளவென்று கூரான படிகங்கள்! எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அப்புறம் ஊசியால் தொட்டுப் பார்த்தேன். புரதப் படிகத்தில் ஏறக்குறைய பாதி தண்ணீர், தொட்டால் பொலபொலவென்று உதிரும். இதுவோ 'டக்'கென்று உடைந்தது. எக்ஸ்ரேயில் வைத்தால், தள்ளித் தள்ளி அழுத்தமான சில புள்ளிகள் மட்டும். உப்பு! இந்த நொதி வேலை செய்யக் கால்சியம் வேண்டும் என்று துளியில் கால்சியம் குளோரைடு சேர்த்திருந்தேன். புரதம் இருந்ததோ பாஸ்பேட் பஃபரில், அதாவது அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசலில். இரண்டும் சேர்ந்து படிகமாகிவிட்டன. அன்று சாப்பிடக்கூடத் தோன்றவில்லை.

சரி, பஃபரை பாஸ்பேட் இல்லாத ட்ரிஸ்ஸுக்கு மாற்றி முதலிலிருந்து தொடங்கினேன். பதினோராம் நாள் மெல்லிய ஊசிகள் முளைத்தன. அவற்றை நொறுக்கிப் புதுத் துளிகளில் விதைத்ததும் நல்ல கட்டிகளாக வளர்ந்தன. கிளிசராலில் நனைத்து, லூப் என்ற குட்டி வளையத்தில் அள்ளி, திரவ நைட்ரஜனில் உறையவைத்தோம். பிரான்ஸின் கிரெனோபிளில் இருக்கும் 844 மீட்டர் சுற்றளவுள்ள சின்க்ரோட்ரானில், அதாவது வலுவான எக்ஸ்ரே தரும் எலக்ட்ரான் வளையத்தில், எடுத்த முதல் படத்திலேயே நெருக்கமாகப் பொடிப்பொடியான புள்ளிகள். இந்த முறை புரதமேதான்.

புள்ளிகளிலிருந்து அமைப்பைக் கணக்கிட ஒவ்வோர் அலையின் கட்டமும் (phase) தெரிய வேண்டும்; படத்தில் அது பதிவாகாது. 1993-இல் வெளியான, எர்வினியா என்ற பாக்டீரியாவின் பெக்டேட் லயேஸ் சி அமைப்பை மாதிரியாக வைத்து அதைக் கண்டுபிடித்தேன். அந்த அமைப்பில்தான் பீட்டா இழைகள் (புரதச் சங்கிலியின் நீண்ட பகுதிகள்) சுருளாக அடுக்கிய வடிவம் முதன்முதலில் தெரியவந்தது. என் திரையிலும் அதே சுருள், படிப்படியாக ஏறியது. கடைசியில் சரிபார்க்க, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம். 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பிறந்த அந்தப் படத்தில் என் புள்ளிகள் உரிய இடத்தில் விழுந்ததைப் பார்த்தபோது நெஞ்சு நிறைந்தது.

அப்புறம் நொதியின் முக்கியமான ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை லைசினாக மாற்றினேன். சங்கிலியை அறுக்காமல் பிடித்துக்கொண்டு மட்டும் நிற்கட்டும் என்பதற்காக. அந்தப் படிகத்தை, பெக்டின் சங்கிலியின் சிறு சர்க்கரைத் துண்டுகள் கலந்த கரைசலில் ஊறவைத்து எடுத்த எலக்ட்ரான் அடர்த்தி வரைபடத்தில், நொதியின் பள்ளத்துக்குள் சங்கிலி படுத்திருந்தது. சர்க்கரையின் அமிலக் குழுவுக்கும் நொதியின் ஆஸ்பார்டேட் என்ற அமினோ அமிலத்துக்கும் நடுவே உருண்டையாக ஓர் அடர்த்தி. கால்சியம்.