த்ரீ நாட் த்ரீ தோட்டாவின் வயது: அடிப்பக்க முத்திரையைப் படித்துப் பார்த்த அனுபவம்

இங்கிலாந்தில் ஒரு பழம்பொருள் சந்தையில் வாங்கிய ஒரு டப்பா காலித் தோட்டாக்களை (பெரும்பாலும் .303, அதாவது பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளுக்கானவை) அடிப்பக்கத்தில் அடித்திருக்கும் முத்திரையைப் படித்து ஒருவழியாக வயது வாரியாகப் பிரித்துவிட்டேன். எல்லாம் சுட்டுத் தீர்ந்தவை, அடியின் நடுவில் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியான பிரைமரில் ஊசி குத்திய பள்ளம் தெளிவாகவே தெரிகிறது. சுடாத தோட்டா எங்காவது கண்ணில் பட்டால் தொடாதீர்கள், போலீஸுக்குச் சொல்லிவிடுங்கள். இந்தியாவில் உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம்.

முதல் வேலை, கையில் இருப்பது .303தானா என்று பார்ப்பது. ரஷ்ய 7.62 ரைஃபிள் தோட்டாவுக்கும் இதே மாதிரி வெளியே துருத்திய விளிம்பு உண்டு. வெர்னியர் காலிபரை வைத்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்: .303 கூட்டின் (குண்டு போனபின் மிஞ்சும் பித்தளைக் குழாயின்) நீளம் 56 மி.மீ.க்குச் சற்று மேல், விளிம்பின் விட்டம் 13.7 மி.மீ. ரஷ்யக் கூடு 53.7 மி.மீ. நீளம்தான், ஆனால் விளிம்பு 14.4 மி.மீ. என் டப்பாவிலும் சில ரஷ்யத் தோட்டாக்கள் கலந்திருந்தன. அவற்றைப் படிப்பது சுலபம்: மேலே தொழிற்சாலை எண் (188 என்றால் நோவோசிபிர்ஸ்க்), கீழே ஆண்டு. 1952 முதல் 1956 வரை மட்டும் ஆண்டு எண்ணுக்குப் பதிலாக ஒரு ரஷ்ய எழுத்து இருக்கும்.

அப்புறம் வெளிச்சம். பித்தளையைப் பாலீஷ் போட்டுப் பளபளப்பாக்கவே கூடாது, தேயத் தேய எழுத்தும் போய்விடும். அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சை ஒரு பக்கமாகத் தாழ்த்திப் பிடித்தாலே போதும், நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கிறது.

சரி, முத்திரைக்கு வருவோம். இதில் எழுத்தைத் தெரிந்துகொள்வதைவிட அது எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்ப்பதுதான் முக்கியம். ‘ஜி 17’ என்று எழுதி, தோட்டாவின் மாதிரியைச் சொல்லும் ரோமன் எண்ணாக ஏழும் இருந்தால், அது லீட்ஸ் நகரின் கிரீன்வுட் அண்ட் பாட்லி 1917இல் செய்த சாதாரணத் தோட்டா. அதே ஜி, ரோமன் எண்ணுக்கு முன்னால் ஒட்டி நின்றால் கம்பெனிப் பெயர் இல்லை, பாதையில் ஒளி காட்டிப் போகும் டிரேசர் குண்டு என்று அர்த்தம். பி எழுத்தும் அப்படித்தான்: முதல் உலகப் போர்த் தோட்டாவில் பர்மிங்காம் கம்பெனியைக் குறிக்கும், எண்ணுக்கு முன்னால் வந்தால் தீப்பிடிக்க வைக்கும் குண்டு. எண்ணுக்குப் பின்னால் இசட் வந்தால், உள்ளே இருந்தது கார்டைட் என்ற பழைய பிரிட்டிஷ் வெடிமருந்து இல்லை, நைட்ரோசெல்லுலோஸ் மருந்து. நடுவில் மேல்நோக்கிய அம்பும் இருபுறமும் ஆர், எல் எழுத்துகளும் இருந்தால், அது வூல்விச்சின் ராயல் லேபரட்டரி.

எனக்கு மிகவும் பிடித்தவை ஆண்டே இல்லாத கூடுகள். பிரிட்டன் 1907 முதல்தான் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை அடிக்கத் தொடங்கியது. அதற்கு முந்தையவற்றில் கார்டைட்டைக் குறிக்கும் சி எழுத்தும் மாதிரியின் ரோமன் எண்ணும் மட்டும்தான். ஆனால் அந்த எண் போதும். கார்டைட் வந்தது 1891இல். இரண்டாம் மாதிரி 1893, ஆறாம் மாதிரி 1904. ஆக, ரோமன் ஆறு இருந்து ஆண்டு இல்லையென்றால், அது 1904க்கும் 1907க்கும் நடுவில் பிறந்தது! ஆண்டு அச்சடித்த தோட்டாவைப் படிப்பதில் இந்தச் சந்தோஷம் கிடைப்பதில்லை. கூரிய முனைக் குண்டு கொண்ட ஏழாம் மாதிரி 1910இல் வந்தது, ஆகவே ரோமன் ஏழைப் பார்த்தால் அதற்கு முன்னால் தேடவே வேண்டாம். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் ரோமன் ஏழு போய் நம் வழக்கமான 7 வந்துவிட்டது. ஆண்டு தேய்ந்துபோன கூட்டில் இந்த 7 ஒன்றே பெரிய உதவி.

கே எழுத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். தனியாக நின்றால் கைனாக் என்ற பிரிட்டிஷ் தோட்டாக் கம்பெனி. இரண்டாம் உலகப் போரில் அந்தக் கம்பெனியே கே2 என்று ஸ்டாண்டிஷிலும், கே4 என்று யீடிங்கிலும், கே5 என்று கிடர்மின்ஸ்டரிலும் செய்தது. கே.எஃப். என்றால் புனே பக்கத்துக் கிர்க்கி தொழிற்சாலை. சுதந்திரத்துக்குப் பிறகும் அங்கே .303 தொடர்ந்து தயாரானது. நம் ஊர்க் காவலர்கள் தோளில் பார்த்த அந்த நீள ரைஃபிளுக்கான தோட்டா இது என்பதால், கே.எஃப். கூடுகளைத் தனி டப்பாவில் வைத்திருக்கிறேன்.

முத்திரை சொல்வதைச் சரிபார்க்க இரண்டு வழிகள் வைத்திருக்கிறேன். பிரைமரைச் சுற்றி ஊதா வளையம் மிச்சம் இருந்தால் பிரிட்டிஷ் சாதாரணக் குண்டு, சிவப்பு என்றால் டிரேசர், பச்சை என்றால் கவசம் துளைப்பது. இன்னொன்று, கூட்டின் திறந்த வாய் வழியாக டார்ச் அடித்து உள்ளே அடியைப் பார்ப்பது. இரண்டு சின்னத் துளைகள் என்றால் பெர்டான் பிரைமர், பிரிட்டிஷ் ராணுவத் தோட்டாவுக்கு அதுதான் வழக்கம். நடுவில் ஒரே துளை என்றால் பாக்ஸர். கனடாவின் டிஃபென்ஸ் இண்டஸ்ட்ரீஸ் செய்த, டி.ஐ. எழுத்துகளோடு இசட் உள்ள கூடுகள் இந்த வகை.

அடுத்து ஜெர்மன் 7.92 மவுசர் கூடுகளில் இறங்கலாம் என்றிருக்கிறேன். முதல் உலகப் போர்க் காலத்து முத்திரையில் மாதமும் உண்டு. கூடவே எஸ்67 என்று இருக்கும். பித்தளையில் 67 சதவீதம் செம்பு என்று அதற்கு அர்த்தம்.