ஆப்பிள் என்று அறிமுகமாகும் ப்ளூடூத் கீபோர்டு: லினக்ஸில் எஃப் விசைகளை மீட்டது

உபுண்டு டெஸ்க்டாப்பில் ஒரு ப்ளூடூத் மெக்கானிக்கல் கீபோர்டு. எழுத்துகள் எல்லாம் சரியாக விழுகின்றன. ஆனால் எஃப்1 அழுத்தினால் திரை வெளிச்சம் குறைகிறது, எஃப்5 பக்கத்தைப் புதுப்பிப்பதில்லை, கண்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 கன்சோலுக்குப் போவதில்லை.

அன்பேர் செய்து மறுபடி இணைப்பது, லேஅவுட் மாற்றுவது இரண்டாலும் பயனில்லை. விசைகளை மாற்றியமைக்கும் பழைய கருவியான எக்ஸ்மோட்மேப் பக்கம் போகவே வேண்டாம். இன்றைய உபுண்டுவின் திரைக்காட்சி அமைப்பான வேலாண்ட் அதைப் பொருட்படுத்தாது, கோளாறும் அந்த மட்டத்தில் இல்லை. எந்த விசை பதிவாகிறது என்று காட்டும் ஈவிடெஸ்ட் கருவியை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்: எஃப்1 அழுத்தும்போது கெர்னலிடமிருந்தே (லினக்ஸின் மையப் பகுதி) 'பிரைட்னஸ் டவுன்' என்றுதான் வருகிறது. அதாவது டெஸ்க்டாப்புக்கு வந்து சேரும் முன்பே விசை மாறிவிட்டது. கேபிளில் இணைத்து பயாஸில் சோதித்தால் எஃப் விசைகள் ஒழுங்காக வேலை செய்யும். ஆக, சந்தேகம் கெர்னல் டிரைவர் மேல்.

/ப்ராக்/பஸ்/இன்புட்/டிவைசஸ் கோப்பில் அந்தக் கீபோர்டின் பகுதியைப் பாருங்கள். பஸ் 0005 என்றால் ப்ளூடூத், 0003 என்றால் யூஎஸ்பி. அதே வரியில் வெண்டர் 05ஏசி, ப்ராடக்ட் 024எஃப் என்று இருந்தால் காரணம் கையில். 05ஏசி ஆப்பிளின் எண். 024எஃப் அதன் அலுமினியம் கீபோர்டுக்கு உரியது. மேக்கில் தடையின்றி ஓட வேண்டும் என்று சில தயாரிப்பாளர்கள் இந்த எண்களையே போட்டு அனுப்புகிறார்கள். கெர்னல் எண்ணை நம்பி, ஆப்பிள் கீபோர்டுகளுக்கான ஹெச்ஐடி_ஆப்பிள் டிரைவரை ஏற்றுகிறது. அந்த டிரைவர் மேல்வரிசையை மீடியா விசைகளாக மாற்றிவிடுகிறது.

மாற்ற வேண்டியது எஃப்என்மோடு என்ற ஒரே அளவுரு. 1 என்றால் மீடியா விசைகள் முதலில், 2 என்றால் எஃப் விசைகள் முதலில், 0 என்றால் டிரைவர் எஃப்என் விசையில் தலையிடாது. புதிய கெர்னல்களில் 3 இருக்கும்: சாதனத்தின் பெயரைப் பார்த்துத் தானே முடிவெடுக்கும். பெயர் கெர்னலின் பட்டியலில் இல்லாவிட்டால் அசல் ஆப்பிள் என்றே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் கெர்னலைப் புதுப்பித்ததும் சிலருக்குச் சரியாகிறது, சிலருக்கு இல்லை.

முதலில் தற்காலிகமாகச் சோதியுங்கள். /சிஸ்/மாட்யூல்/ஹெச்ஐடி_ஆப்பிள்/பாராமீட்டர்ஸ்/எஃப்என்மோடு கோப்பில் 2 என்று எழுத வேண்டும். சூடோ (நிர்வாகி உரிமை) போட்டு எக்கோ செய்து அம்புக்குறியால் (>) கோப்புக்குத் திருப்பினால் 'பெர்மிஷன் டினைட்' வரும். கோப்பைத் திறப்பது சூடோ அல்ல, கட்டளைகளை வாங்கும் உங்கள் ஷெல்; அதற்கு அந்த உரிமை இல்லை. எக்கோவின் வெளியீட்டைப் பைப் (|) வழியே 'சூடோ டீ'க்கு (tee, வருவதைக் கோப்பில் எழுதும் கட்டளை) அனுப்புங்கள். மாற்றம் உடனே தெரியும், ரீபூட் வேண்டாம். 2-இல் எஃப்என் சேர்த்த விசைகள் முரண்டு பிடித்தால் 0 வைத்துப் பாருங்கள். எஃப்என்னைக் கீபோர்டே கவனித்துக்கொள்ளும் மாடல்களுக்கு அது பொருந்தும்.

நிரந்தரமாக்க, /ஈடிசி/மோட்ப்ரோப்.டி அடைவில் .கான்ஃப் என முடியும் ஒரு கோப்பு, உள்ளே ஒரே வரி: ஆப்ஷன்ஸ், ஹெச்ஐடி_ஆப்பிள், எஃப்என்மோடு=2. பலர் இதோடு நிறுத்திவிட்டு, ரீபூட்டுக்குப் பின் பழைய மதிப்பே திரும்பியதும் குழம்புகிறார்கள். டிஸ்க் கடவுச்சொல்லைத் தட்டக் கீபோர்டு வேண்டுமே என்று, இந்த டிரைவர் பெரும்பாலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸிலேயே (கணினி தொடங்கும்போது முதலில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) ஏறிவிடுகிறது. அதற்குள் இருப்பது பழைய அமைப்பு. உபுண்டு, டெபியனில் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ', ஆர்ச்சில் 'எம்கேஇனிட்சிபிஐஓ -பி' (பெரிய எழுத்து பி), ஃபெடோராவில் 'டிராகட் --ஃபோர்ஸ்' ஓட்டிய பிறகே ரீபூட் செய்யுங்கள். டிரைவர் மாட்யூலாக இல்லாமல் கெர்னலுக்குள்ளேயே கட்டப்பட்டிருந்தால் கோப்பு பயன்படாது. கணினியைத் தொடங்கிவைக்கும் கிரப் நிரலின் கெர்னல் வரியில் ஹெச்ஐடி_ஆப்பிள்.எஃப்என்மோடு=2 சேர்க்க வேண்டும்.

ஆல்ட்டும் சூப்பரும் (விண்டோஸ் விசை) இடம் மாறியிருந்தால், கீபோர்டின் பக்கவாட்டில் மேக்/விண்டோஸ் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் ஸ்வாப்_ஆப்ட்_சிஎம்டி=1 என்பதை .கான்ஃப் கோப்பின் அதே வரியில் சேர்க்கலாம். ஒரு எச்சரிக்கை: இவை டிரைவர் முழுவதற்குமான அமைப்புகள். லினக்ஸ் ஓடும் மேக்புக்கில் அதன் சொந்தக் கீபோர்டும் இதே டிரைவரில் இருந்தால் அதுவும் சேர்ந்து மாறும்.