பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் ஒரு ஜோடி ஸ்பீக்கர்

சின்ன வீட்டுக்கு ஹைஃபை ஸ்பீக்கர் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எந்த மாடல் நல்லா இருக்கும்?" என்றுதான். நான் பதிலுக்குக் கேட்பது "எங்கே வைக்கப் போறீங்க?" என்று. பலருக்கு இந்தக் கேள்வி ஏமாற்றமாக இருக்கிறது. ஆனால் இடத்தை முடிவு செய்துவிட்டால் பாதிக்கு மேற்பட்ட மாடல்கள் தானாகவே கழன்றுவிடும். மீதியில் காது சொல்வதைக் கேட்டால் போதும். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது, அதை விவரமாகவே எழுதுகிறேன்.

மேற்கு மாம்பலத்தில் இரண்டாவது மாடி, வாடகை வீடு. ஹால் பத்தடிக்குப் பன்னிரண்டடி, உயரமும் பத்தடி. ஒரு பக்கம் ஜன்னல், எதிரில் சமையலறைக் கதவு, மூன்றாவது சுவரில் பீரோ. நான்காவது சுவரில்தான் சிமெண்ட் பலகை போட்ட ஷோகேஸ். இரவில் இதே ஹாலில்தான் அப்பாவுக்குக் கட்டிலும் பையனுக்குப் பாயும் விரிக்க வேண்டும். அதனால் தரையில் ஸ்டாண்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. சுவரில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். மிச்சம் ஷோகேஸ் ஒன்றுதான். டேப் வைத்து அளந்தேன்: ஆழம் 35 சென்டிமீட்டர், தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் உயரம் 38. கடையில் போய் நின்றபோது என் கையில் இருந்த மிக முக்கியமான தகவல் இந்த இரண்டு எண்கள்தான்.

சின்னப் பெட்டி என்றாலே சமரசம் என்று ஒரு எண்ணம் பலருக்கு இருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. ஸ்பீக்கர் பெட்டியில் மூன்று விஷயங்களை நாம் ஆசைப்படுகிறோம்: பெட்டி சின்னதாக இருக்க வேண்டும், பேஸ் (கீழ்ச் சுரங்களின் ஒலி) ஆழமாக இறங்க வேண்டும், கொஞ்சம் பவருக்கே சத்தம் நிறைய வர வேண்டும். மூன்றும் சேர்ந்து கிடைக்காது. எந்த இரண்டு வேண்டுமோ எடுத்துக்கொண்டு மூன்றாவதை விட்டுவிட வேண்டும். கேஎல்ஹெச் என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரில் ஹெச் எழுத்துக்கு உரியவரான ஹாஃப்மன் பெயரால் இதை ஹாஃப்மன் விதி என்கிறார்கள். 1954இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் காற்றுப் புகாமல் மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வூஃபருக்கு, அதாவது பேஸ் தரும் பெரிய கூம்புக்கு, ஸ்பிரிங் ஆக்கினார். அதுவரை அலமாரி அளவுப் பெட்டி கேட்ட பேஸ், புத்தகத் தட்டில் வைக்கிற அளவுக்குள் வந்தது. அதற்குக் கொடுத்த விலை சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுத்த பவருக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற அளவு. அதே சத்தத்துக்கு அதிகப் பவர் உள்ள ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர்) தேவைப்பட்டது. எழுபது வருஷம் ஆகியும் இந்தப் பேரம் மாறவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த சின்ன ஸ்பீக்கர் பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ. 1970களின் தொடக்கத்தில், வெளியிடங்களில் ஒலிப்பதிவு செய்யப் போகும் வேன்களுக்குள் வைக்க அவர்களுக்கு ஒரு மானிட்டர், அதாவது பதிவைக் கேட்டுச் சரிபார்க்கும் ஸ்பீக்கர், வேண்டியிருந்தது. வேனுக்குள் இடமே இல்லை, ஹெட்போன் மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் முடியாது. அதனால் சுமார் 30 சென்டிமீட்டர் உயரம், 19 அகலத்தில் ஒரு மூடிய பெட்டி. உள்ளே கெஃப் நிறுவனத்தின் பி110 வூஃபர், டி27 ட்வீட்டர் (மேல் சுரங்களுக்கான சின்ன ஸ்பீக்கர்). பேஸ் அதிகம் இறங்காது, சென்சிட்டிவிட்டி 83 டெசிபெல் அளவுதான், பலமாக அலறவும் முடியாது. ஆனால் மனிதக் குரலை இயல்பாகக் கொடுக்கும். ரோஜர்ஸ், ஸ்பெண்டார், ஹார்பெத் என்று பல கம்பெனிகள் உரிமம் வாங்கி அதைச் செய்து விற்றார்கள், இன்றும் அதைத் தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள். இட நெருக்கடியிலிருந்து பிறந்த ஸ்பீக்கர் அது. எதை விடலாம், எதை விடவே கூடாது என்று அந்தப் பொறியாளர்கள் தெளிவாக முடிவு செய்தார்கள். குரலை விடக் கூடாது என்பது அவர்கள் முடிவு. எங்கள் வீட்டிலும் அதே முடிவுதான்.

எங்கள் வீட்டில் ஓடுவது முக்கால்வாசி கர்நாடக சங்கீதம், மிச்சம் பழைய சினிமாப் பாட்டு. இவற்றுக்கு எவ்வளவு ஆழமான பேஸ் தேவை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் பாடகரின் மத்திய ஸட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 131 அதிர்வு). அவர் மந்தர பஞ்சமத்துக்கு இறங்கினால் 98. ஐந்து கட்டையில் பாடும் பெண் பாடகருக்கு அதே மந்தர பஞ்சமம் 147. ஆண் சுருதித் தம்பூராவின் மந்தரத் தந்தி 65 ஹெர்ட்ஸ் என்றாலும், தந்திக்கு அடியில் செருகும் ஜீவாளி நூல் கொடுக்கும் அந்த ரீங்காரம் முழுக்க மேலே உள்ள அனுசுரங்களில் (மூல சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேல் சுரங்களில்) இருக்கிறது. மிருதங்கம்? அதன் வலது முகமான வலந்தலையில் பூசிய கரணை என்ற கறுப்பு வட்டம்தான் தோலின் அதிர்வுகளை ஒழுங்கான சுர வரிசைக்குக் கொண்டுவருகிறது என்று சி. வி. ராமன் 1920லேயே எழுதினார். அந்தச் சுரம் சுத்தமாகக் கேட்பதற்கு நடு அலைவரிசை நேர்மையாக இருந்தால் போதும். இடது முகமான தொப்பியில் வரும் கும்கி என்ற ஆழமான நாதத்துக்குத்தான் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். நல்ல ஐந்து அங்குல வூஃபர் இதையெல்லாம் தாராளமாகச் சமாளிக்கும். சினிமாப் பாட்டில் பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். அதன் அடித்தளம் கொஞ்சம் மெலியும், ஆனால் எந்தச் சுரம் வாசிக்கிறார் என்பது தெளிவாகக் காதில் விழும். அது எனக்குப் போதும்.

இங்கே அறையும் ஒரு கட்சிக்காரர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி மோதித் திரும்பும்போது சில அலைவரிசைகள் வீங்கும். ஒலியின் வேகத்தை இடைவெளியின் இரண்டு மடங்கால் வகுத்தால் முதல் எண் கிடைத்துவிடும். பத்தடிக்கு ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ், பன்னிரண்டடிக்கு 47. எங்கள் ஹாலில் அகலமும் பத்தடி, உயரமும் பத்தடி என்பதால் 56இல் இரட்டை வீக்கம். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் மூன்றும் சேர்ந்துகொள்ளும், அதைவிட மோசமான அளவு கிடையாது. இப்படிப்பட்ட அறையில் 35 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் பெரிய ஸ்பீக்கரை வைத்தால் ஒரே ஒரு சுரம் மட்டும் கும்மென்று பீரோவை நடுங்க வைக்கும், மற்றவை அதற்குள் அமுங்கிவிடும். 60 ஹெர்ட்ஸ் பக்கத்திலிருந்து மெதுவாகக் குறையும் சின்ன ஸ்பீக்கருக்கு, அறையே அந்த இடத்தில் கொஞ்சம் கை கொடுக்கும். கீழ் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. தளம் வழியாக இறங்குவது இந்த ஆழமான பேஸ்தான். ஆழமான பேஸுக்கென்றே தனியாக வைக்கும் சப்வூஃபர் வேண்டாம் என்று முடிவெடுக்க எனக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

வாட் கணக்கைப் பற்றிக் கொஞ்சம். தொண்ணூறுகளில் டேப் ரெக்கார்டர் மேல் ஆயிரம் வாட் பிஎம்பிஓ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றதை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஒரு கண நேர உச்சத்தை வைத்துச் சொன்ன எண் அது, அதற்குப் பொருளே இல்லை. ஆனால் அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை, "எத்தனை வாட்?" என்பதுதான் கடையில் இன்றும் முதல் கேள்வி. 86 டெசிபெல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கர், சுமார் ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபெல் கொடுக்கும். நாம் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபெல் சுமார். எங்கள் ஹாலில் உட்காரும் இடத்துக்கும் ஸ்பீக்கருக்கும் இரண்டு மீட்டர்தான். ஆக, பெரும்பாலான நேரம் ஒரு வாட்டுக்கும் குறைவாகவே ஓடுகிறது. 3 டெசிபெல் ஏற்றினால் பவர் இரண்டு மடங்காகும் என்பதால், மிருதங்கம் ஓங்கும் தனி ஆவர்த்தனத்துக்குக் கொஞ்சம் கையிருப்பு வேண்டும். அதற்கு உள்ளங்கை அளவு கிளாஸ் டி என்ற வகை ஆம்ப் ஒன்று போதும். பெரிய ஆம்புக்கு வைத்திருக்கும் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள்.

கடைக்கு அப்பாவையும் அழைத்துக்கொண்டு போனேன். எழுபது தாண்டியவர், மேல் அலைவரிசைகள் அவருக்குச் சரியாகக் கேட்காது. ஆனால் அவருடைய சோதனை என் சோதனைகளைவிடக் கறாரானது. கண்ணை மூடிக்கொண்டு, "சாகித்யம் புரியுதா பாரு, அது போதும்மா" என்பார். தெரியாத கீர்த்தனையில் வார்த்தை புரிய வேண்டும், க, ச, ட, த எல்லாம் தனித்தனியாக விழ வேண்டும். அந்தக் கட்டத்தில்தான் பளபளப்பான ஸ்பீக்கர்கள் பல தோற்றன. ஜால்ரா சத்தம் மின்னும், வார்த்தை ஒதுங்கி நிற்கும். ஐந்து நிமிடம் கேட்க ஜோராக இருக்கும், ஒரு மணி நேரம் ராகம் தானம் பல்லவி கேட்டால் காது களைத்துவிடும்.

கடைசியில் நின்றவை இரண்டு. க்யூ அகூஸ்டிக்ஸ் 3020ஐ, எலாக் டெபியூ பி5.2. முதலாவது குரலை மென்மையாக, வட்டமாகக் கொடுத்தது. எனக்கு அது ரொம்பவே பிடித்தது. ஆனால் அதன் ஆழம் 28 சென்டிமீட்டர், போர்ட் (பெட்டிக்குள் இருக்கும் காற்று வெளிவரும் துளை) பின்பக்கம். 35 சென்டிமீட்டர் ஷோகேஸில் வயரையும் செருகியபின் பின்னால் மூச்சுவிட இடமிருக்காது. போர்ட்டை அடைக்க ஃபோம் தருகிறார்கள், அதைச் செருகினால் பேஸ் இறுகும், ஓரளவுக்குச் சரிவரும். எலாக் 34 சென்டிமீட்டர் உயரம், ஆழம் 23 சொச்சம், போர்ட் முன்பக்கமே இருக்கிறது. வடிவமைத்தவர் ஆண்ட்ரூ ஜோன்ஸ், ஒரு காலத்தில் கெஃப்பில் இருந்தவர். 38 உயரத் தட்டில் கச்சிதமாக உட்காரும். அப்பா வார்த்தைகளை எழுத்தெழுத்தாகத் திருப்பிச் சொன்னார். எலாக்கையே எடுத்தோம். தனி மேசையும் சுவரிலிருந்து ஓரடி இடைவெளியும் உள்ளவர்களுக்கு நான் 3020ஐயைத்தான் சொல்வேன். கையில் இன்னும் பணம் இருந்தால் கெஃப் எல்எஸ்50 மெட்டாவைக் கேட்டுப் பாருங்கள். ட்வீட்டர் வூஃபரின் நடுவிலேயே இருப்பதால் ரொம்பக் கிட்டத்தில் உட்கார்ந்தாலும் குரல் ஒரே புள்ளியிலிருந்து வரும்.

வாங்கி வந்த பிறகு வைக்கிற விதத்தில்தான் மீதி இருக்கிறது. பெட்டியைத் தட்டின் உள்ளே தள்ளிவிடக் கூடாது. முன்முகம் தட்டின் விளிம்போடு சமமாக இருக்க வேண்டும், ஒரு விரல்கடை வெளியே வந்தாலும் நல்லது. உள்ளே தள்ளினால் பக்கவாட்டுச் சிமெண்டில் பட்டுத் திரும்பும் ஒலி குரலைக் குழப்பும். சுற்றியுள்ள காலி இடத்தில் புத்தகங்களையும் பழைய வேட்டி மடிப்புகளையும் அடைத்தேன், டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போன்ற ஒரு கம்மல் போயிற்று. அடியில் ஹவாய் செருப்பு ரப்பரை வெட்டி நான்கு மூலையிலும் வைத்தேன், அதற்கென்று விற்கும் பொருள்களின் விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

அப்புறம், காது உயரம். ஸ்பீக்கர் கம்பெனிகளின் கையேடுகள் எல்லாம் நாற்காலியில் உட்காருபவரை மனதில் வைத்து எழுதியவை. நம் வீட்டில் பாதிப் பேர் தரையில் உட்காருகிறோம். நாற்காலியில் காது ஏறத்தாழ மூன்றேகால் அடியில் இருக்கும், பாயில் உட்கார்ந்தால் இரண்டரை அடிக்கும் கீழே. ட்வீட்டருக்கு மேலும் கீழும் விலக விலக மேல் சுரங்கள் மங்கும். அதனால் பின்பக்க ரப்பரை மட்டும் தடிமனாக்கி ஸ்பீக்கரை லேசாக முன்னால் சாய்த்தேன். அப்பாவின் சாய்வு நாற்காலிக்கும் என் பாய்க்கும் நடுவில் ஒரு உயரத்தைப் பார்த்து நிற்கிறது. இரண்டையும் கொஞ்சம் உள்நோக்கித் திருப்பியபோது பாடகர் சரியாக நடுவில் வந்து உட்கார்ந்தார்.

டைல்ஸ் தரை, சிமெண்ட் சுவர், கண்ணாடி ஜன்னல். ஹால் நடுவில் நின்று ஒரு கைதட்டல் தட்டினால் கிண்ணென்று எதிரொலி சிதறும். பவானி ஜமக்காளத்தை ஸ்பீக்கருக்கும் நமக்கும் நடுவில் விரித்தோம், ஜன்னலுக்குக் கனமான பருத்தித் திரை. வார்த்தைகளின் கூர்மை உடனே கூடியது. துணி மேல் அலைவரிசைகளைத்தான் உறிஞ்சும், பேஸ் வீக்கத்துக்கு அது மருந்தல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். பீரோக் கதவுக்கு உள்ளே ஒரு துண்டை மடித்துச் செருகியதும் அதன் அதிர்வு நின்றது. ஃபேனை ஐந்தில் வைத்தால் ஆலாபனையின் மெல்லிய முடிவுகள் காற்றோடு போய்விடும். மூன்றில் வைத்தால் மே மாதத்தைத் தவிர மற்ற மாதங்களில் தாங்கும்.

இது கொடுக்காததும் ஒன்று உண்டு. நாதஸ்வரக் கச்சேரியில் தவில் வயிற்றில் வந்து அடிக்குமே, அது இந்தப் பெட்டியில் வராது. குச்சி விழும் இடம், விரல் கூடுகளின் சத்தம் எல்லாம் சுத்தமாகக் கேட்கும், அந்த உடம்பு மட்டும் இருக்காது. தவில்தான் உங்கள் உயிர் என்றால் சின்ன ஸ்பீக்கர் வாங்காதீர்கள், நல்ல ஹெட்போன்கூட இந்த ஏக்கத்தைத் தீர்க்காது.

பழைய ஸ்பீக்கர் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. வூஃபர் கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ஃபோமா ரப்பரா என்று முதலில் பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஃபோம் வளையம் சில வருஷங்களில் பிசுபிசுத்து உதிரும், ரப்பர் நீண்டகாலம் நிற்கும். பெட்டியின் அடி விளிம்பையும் தடவிப் பாருங்கள், மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை தண்ணீர் குடித்திருந்தால் அங்கேதான் உப்பியிருக்கும்.

கடைக்குப் போகும்போது டேப்பை மறக்காதீர்கள். விளம்பரத்தில் போடும் ஆழத்தில் பின்னால் செருகும் பனானா பிளக்குக்கும் வயர் வளைவதற்கும் வேண்டிய இடம் சேர்ந்திருக்காது. அதற்கு மேலும் ஐந்து சென்டிமீட்டர் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.