கால் நொடித் தாமதம்

1978-ஆம் ஆண்டு என்று நினைவு. கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் சிற்றூரில் தொலைபேசி இருந்த வீடுகளை அப்போது விரல் விட்டு எண்ணிவிடலாம். மலேசியாவின் ஈப்போவில் இருந்த சித்தப்பா எதிர்வீட்டு எண்ணுக்கு அழைப்பதாகக் கடிதம் எழுதியிருந்ததால், அப்பத்தா காலையிலேயே அந்த வீட்டு முகப்பில் போய் உட்கார்ந்துவிட்டார். அழைப்பு வந்தது. அவர் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. மறுபடி கேட்க வாயெடுத்தபோது பதில் வந்து இரண்டு பேச்சும் மோதிக்கொண்டன. கடைசிவரை இப்படியே போயிற்று. வீட்டுக்குத் திரும்பிய அப்பத்தா, "நல்லாத்தான் இருக்கேங்கிறான். ஆனா எதைக் கேட்டாலும் யோசிச்சு யோசிச்சுப் பதில் சொல்றான். கடன் கிடன் பட்டிருப்பானோ?" என்று ஒரு வாரம் கவலைப்பட்டார்.

சித்தப்பாவுக்குக் கடன் எதுவும் இல்லை. பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் ஒரு செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்க வானொலி அலைக்குச் சுமார் கால் நொடி ஆகும். கேள்வி போய்ப் பதில் திரும்புவதற்குள் அரை நொடி கடந்துவிடும். இதைக் கல்லூரியில் படித்த அன்று எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அப்பத்தாவின் முகம்தான்.

1990-களின் தொடக்கத்தில் முனைவர் பட்டத்துக்காக நான் எடுத்துக்கொண்டதும் இதே அரை நொடியைத்தான், பேச்சுக்குப் பதில் தரவுக்காக. இணையத்தின் டிசிபி நெறிமுறையில் அனுப்புபவர், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை வரும்வரை அதிகபட்சம் 65,535 பைட்டுகளை மட்டுமே அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. தரைவழி இணைப்பில் இது பெரிய குறையாகத் தெரியாது. ஒப்புகை வர அரை நொடிக்கு மேல் ஆகும் செயற்கைக்கோள் வழியில், எவ்வளவு அகலமான அலைவரிசையை வாடகைக்கு எடுத்தாலும், ஓர் இணைப்பில் நொடிக்கு ஒரு மெகாபிட்டைக்கூடத் தொட முடியாது. அந்த எல்லையைப் பெரிதாக்கும் வழியை 1992-இல் வெளியான ஒரு நெறிமுறை ஆவணம் வகுத்தது. அதன்மேல் சில சில்லறைத் திருத்தங்களைச் செய்து பட்டம் வாங்கியவர்களில் நானும் ஒருவன். அந்த ஆய்வேட்டைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

என் துறை மாறியதற்கு 2000-ஆம் ஆண்டு மே 2 காரணம். ஜிபிஎஸ் குறியலையில் பொதுமக்களுக்காக வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்கா அன்று நிறுத்தியது. அதுவரை நூறு மீட்டர் அளவுக்குத் தள்ளாடிய இடக்கணிப்பு, நம் நேரப்படி அன்று முற்பகலிலிருந்து பத்து இருபது மீட்டருக்குள் அடங்கியது. தகவல் தொடர்புக்காரன் தாமதத்தைத் தொல்லையாகவே பார்ப்பான். ஆனால் இடம் காண்பவனுக்குத் தாமதம்தான் கைமுதல்: ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அலை எவ்வளவு தாமதித்து வந்தது என்று தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும், ஒரு நானோ நொடி பிசகினால் முப்பது சென்டிமீட்டர் பிசகும். நம் கையில் இருக்கும் கருவியின் கடிகாரமோ மலிவானது. ஆகவே இடத்தின் மூன்று அளவுகளோடு அந்தக் கடிகாரப் பிழையையும் நான்காவது அறியாக்கணியமாக, அதாவது கண்டுபிடிக்க வேண்டிய தெரியாத அளவாக வைத்துக்கொண்டு, நான்கு செயற்கைக்கோள்களைக் கேட்டுத் தீர்க்கிறோம். இந்த நான்காவது அறியாக்கணியத்தின் தாராள குணம் பின்னால் என் காலை வாரிவிட்டது.

2001, 2002-இல் சூரியச் செயல்பாடு உச்சத்தில் இருந்தபோது, வற்றல் காயப்போடும் எங்கள் வீட்டு மாடியில் ஜிபிஎஸ் குறியலையை வாங்கும் ஓர் ஏற்பியை வைத்திருந்தேன். புவியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிச் செல்வதால், பொழுது சாய்ந்தபின் நமக்கு மேலே உள்ள அயனமண்டலத்தில் (மின்னேற்றம் பெற்ற மேல் வளிமண்டல அடுக்கில்) அடர்த்தி குறைந்த குமிழ்கள் கிளம்பி மேலெழும். பங்குனி, புரட்டாசியை ஒட்டிய மாதங்களில் இது அதிகம். அவற்றினூடே வரும் குறியலை, காற்றில் விளக்குச்சுடர் போலப் படபடத்துச் சில நேரம் அறுந்தே போகும். வட அட்சங்களில் எழுதப்பட்ட பாடநூல்கள் இதை அடிக்குறிப்பில் முடித்துவிடுகின்றன என்ற குறை எனக்கு இன்றும் உண்டு.

கீழே வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கட்டில், வேறு சங்கதி. நாற்புறமும் கூரை மறைக்க, நடுவில் ஒரு சதுர வானம் மட்டும் தெரியும். இந்தியாவின் சொந்த இடங்காட்டி அமைப்பான நாவிக்கில் 83 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு ஒதுக்கப்பட்ட புவிநிலைச் செயற்கைக்கோள் எங்கள் ஊருக்குத் தொடுவானிலிருந்து ஏறத்தாழ 77 பாகை உயரத்தில் இருப்பதால் முற்றத்திலிருந்து மறையாது, 32.5 பாகையில் உள்ளதோ 36 பாகை உயரத்தில் தாழ்வாரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். உச்சியில் இருப்பவை மட்டும் தெரிந்தால், நான் பக்கவாட்டில் பத்தடி நகர்ந்தாலும் அவற்றின் தூரம் பெரிதாக மாறாது. ஆகவே கிடைமட்ட இடக்கணிப்பு மோசமாகிவிடும்.

அதனால்தான் வீட்டுக்குள் இடம் காணும் ஆய்வுக்கு இறங்கினேன். அகன்ற அலைப்பட்டைத் துடிப்புகளை அனுப்பும் சிறு கருவியை ஒரு மாணவர் கையில் பிடித்து நடக்க, ஒரே கடிகாரத்தோடு கேபிளால் இணைக்கப்பட்ட நான்கு ஏற்பிகள் அதைக் கேட்கும். முதல் நாள் வளவில் நடந்த மாணவரைத் திரை பின்தெருவில் காட்டியது. நான் இரண்டு நாள் சுண்ணாம்புச் சுவர்களையும் பர்மாத் தேக்குத் தூண்களையும் பெல்ஜியம் கண்ணாடியையும் குற்றம் சாட்டி, எதிரொலிப்புப் பற்றி ஒரு சிறு சொற்பொழிவே நிகழ்த்தினேன். மூன்றாம் நாள் ஒரு மாணவி, "சார், இரண்டாங்கட்டுக்குப் போற கேபிள் பத்து மீட்டர் கூடுதலா இருக்கே, அதைக் கழிச்சோமா?" என்று கேட்டார்.

கழிக்கவில்லை. கேபிளுக்குள் அலை ஒளியின் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில்தான் போகும். பத்து மீட்டருக்கு ஐம்பது நானோ நொடி, கணக்கில் பதினைந்து மீட்டர். ஜிபிஎஸ்ஸில் ஆண்டெனா கேபிளின் தாமதம் எல்லாச் செயற்கைக்கோள்களுக்கும் பொதுவானது என்பதால், அந்த நான்காவது அறியாக்கணியம் அதை அப்படியே விழுங்கிவிடும், இடம் பிசகாது. பத்து ஆண்டு அந்தச் சலுகையில் பழகிய எனக்கு, ஏற்பிக்கு ஏற்பி கேபிள் வேறுபட்டால் விழுங்க யாரும் இல்லை என்பது உறைக்கவே இல்லை. அந்த ஆய்வுக் கட்டுரையில் அந்த மாணவியின் பெயரை முதலில் போட்டோம். அடுத்த முறை வீட்டுக்குப் போனபோது எல்லாக் கேபிள்களையும் ஒரே நீளத்தில் வெட்டி வைத்திருந்தார்கள்.