402-லிருந்து 178: தப்பு விடையைப் படிப்பது எப்படி

402-லிருந்து 178 போனால் மீதி எவ்வளவு என்று கேட்டால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடமிருந்து பெரும்பாலும் வரும் தப்பு விடைகள் மூன்று: 376, 274, 324. சரியான விடை 224. மூன்றுக்கும் ஒரே மாதிரி சிவப்பு மையில் இன்ட்டு போட்டு, "கவனமா போடு" என்று சொல்லி அடுத்த பக்கத்தைத் திருப்பினால், அந்த ஒர்க்புக்குக்குக் கொடுத்த காசு வீண். மூன்றும் மூன்று வேறு கோளாறுகள்.

376 எழுதிய குழந்தை ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறது. 8-ல் 2 போனால் 6, 7-ல் 0 போனால் 7, 4-ல் 1 போனால் 3. எது மேலே, எது கீழே என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. "சின்னதிலிருந்து பெரியதைக் கழிக்க முடியாது" என்று ஒன்றாம் வகுப்பில் கேட்டதை அது அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறது. 274 எழுதிய குழந்தைக்குக் கடன் வாங்கத் தெரியும். நடுவில் நிற்கும் 0-விடம் ஒன்றும் இல்லையே என்று அதைத் தாண்டிப்போய், 4-இடம் வாங்கியதை நேரே கடைசி இடத்தில் போட்டுவிட்டது. 12-ல் 8 போய் 4 சரி. 0-வில் 7 போகாததால் திருப்பிப் போட்டு 7. 3-ல் 1 போய் 2. 324 எழுதிய குழந்தை எல்லாம் சரியாகச் செய்து, 4-ஐ அடித்து 3 ஆக்க மட்டும் மறந்திருக்கிறது. "கவனமா போடு" என்று சொல்லத் தகுந்தது இந்த ஒன்றுக்குத்தான்.

முதல் கோளாறுக்கு மருந்து ஒர்க்புக்கில் இல்லை, வீட்டுச் சில்லறை டப்பாவில் இருக்கிறது. 402-ஐ ஓரமாக வைத்துவிட்டு 52 − 27 எடுங்கள். ஐந்து பத்து ரூபாய், இரண்டு ஒரு ரூபாய் நாணயம். "கடைக்காரருக்கு 27 ரூபாய் கொடு." முதலில் ஏழு ஒற்றை ரூபாய் வேண்டும், கையில் இருப்பதோ இரண்டு. ஒரு பத்தைச் சில்லறையாக மாற்றாமல் வழியில்லை. மாற்றிய உடனே நோட்டில் 5-ஐ அடித்து 4 என்றும், 2-ஐ அடித்து 12 என்றும் எழுத வேண்டும். கையும் பென்சிலும் ஒன்றாக நடப்பது முக்கியம். நாணயத்தை வைத்து விளையாடி முடித்து, பத்து நிமிஷம் கழித்துக் கணக்கு எழுதினால் இரண்டும் ஒட்டாது.

"கடன் வாங்குதல்" என்ற பேச்சே வினை. வாங்கிய கடனை எப்போது திருப்பித் தர வேண்டும் என்று கேட்கிற குழந்தைகள் உண்டு, நியாயமான கேள்விதான். பாடநூல் இதை இனமாற்றம் என்கிறது. வீட்டுக்கு "சில்லறை மாத்துறது" போதும். கண்டக்டர் சில்லறை கேட்டு முகம் சுளித்ததைப் பார்த்த சென்னைக் குழந்தைக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இரண்டாவது கோளாறுக்கு வேறு வழி. 402-ஐ 40 பத்துகள், 2 ஒன்றுகள் என்று படிக்க வையுங்கள். ஒரு பத்தை மாற்றினால் 39 பத்துகள், 12 ஒன்றுகள். 12-ல் 8 போய் 4. 39-ல் 17 போய் 22. விடை 224. நடுவில் இருக்கும் 0 பயமுறுத்தாது, ஏனென்றால் அதைத் தனியாகப் பார்க்கவே இல்லை. 500 − 236, 703 − 459, 604 − 87 என்று மூன்று கணக்கு இதே முறையில் போட்டால் பிடிபட்டுவிடும்.

தப்பு விடையை இப்படிப் படிக்க வேண்டுமென்றால் அது தாளில் இருந்தாக வேண்டும். அதனால் ரப்பரை மேஜையிலிருந்து எடுத்துவிடுவது நல்லது. தப்பென்று தெரிந்தால் ஒரே ஒரு கோடு குறுக்கே போட்டுப் பக்கத்தில் எழுதட்டும். புத்தகத்தின் கடைசியில் இருக்கும் விடைப் பக்கங்களை வாங்கிய அன்றைக்கே கத்தரித்து அலமாரியில் வைத்துவிடுங்கள். கணக்கை ஒர்க்புக்கிலேயே போடுவதைவிடக் கட்டம் போட்ட நோட்டில், ஒரு கட்டத்துக்கு ஒரு இலக்கம் என்று போடுவது மேல். பல ஒர்க்புக்குகளில் மூன்று இலக்கக் கழித்தலுக்கு விரற்கடை அகலம்தான் இடம் விடுகிறார்கள். இலக்கங்கள் ஒன்றன் கீழ் ஒன்று நிற்காமல் சாய்ந்து, 47 + 38 போடும்போது பத்து இடத்து 3 ஒன்றுகளுக்குக் கீழே போய் நிற்கும். அதைக் கணக்குத் தெரியாமை என்று எண்ணிவிடுகிறோம்.

அதே 47 + 38-க்கு 715 என்று வந்தால் அது சாய்வு இல்லை. 7-ம் 8-ம் 15, அதை அப்படியே எழுதி, 4-ம் 3-ம் 7 என்று முன்னால் வைத்தது. இதற்கு மருந்து ஒரு கேள்விதான்: "கிட்டத்தட்ட 50-ம் 40-ம் எவ்வளவு?" 90 என்று சொன்ன வாய் 715-ஐ ஏற்காது. கணக்குப் போடும் முன் இந்தக் "கிட்டத்தட்ட"-வை ஓரத்தில் எழுதும் பழக்கம் இரண்டாம் வகுப்பிலேயே வந்துவிடலாம்.

இனி வாங்கும் விஷயம். வகுப்பு எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். தமிழ்நாடு அரசு 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளைகளையே அரும்பு, மொட்டு, மலர் என்று எட்டிய நிலையை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். வீட்டிலும் அதே அளவுகோல் சரி. கடையில் புத்தகத்தின் நடுப் பக்கம் ஒன்றைத் திறந்து, அதில் பத்து கணக்கைக் குழந்தையிடம் வாய்மொழியாகவோ ஒரு துண்டுத் தாளிலோ கேளுங்கள். ஏழெட்டு சரியாக வந்தால் அந்தப் புத்தகம் பொருந்தும். ஐந்துக்குக் கீழே என்றால் ஒரு படி கீழே இறங்குங்கள். பத்தும் பட்டுப் பட்டென்று வந்தால் அது கைக்கு வேலை, மூளைக்கு இல்லை. வழவழ தாளில் வண்ணப் படத்தோடு அச்சிட்டவற்றில் பென்சில் சரியாகப் பதியாது என்பதையும் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். தம்பி தங்கைக்கும் அதே புத்தகம் வேண்டுமென்றால் பக்கத்தின் மேல் ஓஎச்பி ஷீட் (கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாள்) ஒன்றை கிளிப் போட்டு, ஒயிட்போர்டு மார்க்கரில் எழுத வைக்கலாம்.

பள்ளிப் பாடநூல் இல்லாத வீட்டுக்கு: பாடநூல் கழகத்தின் புத்தகங்களை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் முன்பு டி.பி.ஐ. வளாகம் எனப்பட்ட பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகத்திலும், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் வாங்கலாம். சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கும் தமிழில் கணக்குச் சொற்கள் தெரிய அது உதவும். பழைய புத்தகக் கடையில் யாரோ எழுதி முடித்த ஒர்க்புக் கிடைத்தாலும் தள்ளாதீர்கள். "இந்தப் பிள்ளை எங்கே தப்பு பண்ணியிருக்கு, கண்டுபிடி" என்று கொடுத்தால் டீச்சர் வேலை கிடைத்த உற்சாகத்தில் ஒரு மணி நேரம் உட்காரும்.

எவ்வளவு நேரம்? ஒன்றாம் வகுப்புக்குப் பத்து நிமிஷம், மூன்றுக்குப் பதினைந்து, ஐந்துக்கு இருபது, இருபத்தைந்து. தினமும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்த்தி வைப்பது இதற்கு ஈடாகாது. முதல் மூன்று கணக்கு முடிந்ததும் பாருங்கள். நாற்பது கணக்கும் முடியட்டும் என்று சமையலறைக்குப் போய்விட்டால், தப்பான முறையை நாற்பது தடவை பழகிவிட்டு நிற்கும். "எப்படிப் போட்டே, சொல்லு" என்று கேட்பதைத் தப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். கேள்வி வந்தாலே தப்பு என்று புரிந்துகொண்டு விடையை மாற்றிவிடும். சரியானதற்கும் கேளுங்கள்.

ஒர்க்புக்குகளின் பெரிய குறை, ஒரு பக்கம் முழுக்க ஒரே வகைக் கணக்கு இருப்பது. இருபது கணக்கும் சில்லறை மாற்றிக் கழிப்பது என்றால் ஐந்தாவது கணக்கிலிருந்து குழந்தை யோசிப்பதில்லை, தேவை இல்லாத இடத்திலும் மேலே கோடு போட்டு 1 எழுதுகிறது. எந்த முறை வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வேலையைப் பக்கத் தலைப்பே செய்துவிடுகிறது. பரீட்சைத் தாளில் தலைப்பு இருக்காது. எனவே ஒரு வகையைப் புதிதாகப் பழகும்போது ஐந்தாறு மட்டும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சேமித்து வையுங்கள். சனிக்கிழமை ஐந்து வேறு வேறு பக்கங்களில் இரண்டிரண்டு கணக்கைப் பென்சிலால் வட்டமிட்டு, அந்தப் பத்தை மட்டும் கொடுங்கள். விடை கொஞ்சம் மோசமாக வரும். அதுதான் உண்மையான நிலவரம்.

கூட்டலில் 6 + 3-க்கு 8 என்று எழுதும் சின்னக் குழந்தையைப் பார்த்தால் எண்கோட்டில் 6-ஐயும் சேர்த்து "ஆறு, ஏழு, எட்டு" என்று எண்ணுகிறது என்று பொருள். எண்கோட்டுக்கு மின்சார ரயிலைவிட நல்ல படம் கிடையாது. கோடம்பாக்கத்தில் ஏறினால் மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி: கிண்டி மூன்றாவது ஸ்டேஷன். ஏறிய ஸ்டேஷனை யாரும் எண்ணுவதில்லை. எண்ண வேண்டியது தாவலை, புள்ளியை அல்ல.

எண்களின் பெயரிலும் ஒரு குழி இருக்கிறது. ஆங்கிலத்தில் ஃபோர்ட்டீன் என்று கேட்டதும் ஃபோர் முதலில் காதில் விழுவதால் 41 என்று எழுதும். ஃபோர்ட்டீனும் ஃபார்ட்டியும் கிட்டத்தட்ட ஒன்றாக ஒலிக்கும். தமிழில் பதினான்கு, பத்து முன்னால் நிற்கிறது, இந்தக் குழப்பம் இல்லை. தமிழுக்கு வேறு குழி: தொண்ணூறில் நூறும், தொள்ளாயிரத்தில் ஆயிரமும் ஒளிந்திருக்கின்றன. தொண்ணூற்று மூன்று என்றதும் சில குழந்தைகள் மூன்று இலக்கம் எழுதுவது அதனால்தான். பத்து எண்களை இரண்டு மொழியிலும் சொல்லி எழுதச் சொன்னால் இடறல் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

ஸ்டேட்மென்ட் சம் என்றாலே ஓடுகிற பிள்ளைக்கும் இதே சோதனைதான். ஆங்கிலக் கணக்கை அப்படியே தமிழில் சொல்லிப் பாருங்கள். உடனே போட்டுவிட்டால் தடுமாற்றம் மொழியில். தமிழிலும் நின்றால் கணக்கில். "மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி, அதிகம் என்றால் கூட்டு" என்று சொல்லிக்கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள். "ராணியிடம் 15 பூ இருக்கிறது. அது மாலாவிடம் இருப்பதைவிட 6 அதிகம். மாலாவிடம் எத்தனை?" அதிகம் என்ற சொல்லைப் பிடித்த குழந்தை 21 எழுதும். இரண்டு பட்டைகள் வரையச் சொல்லுங்கள்: யாருடையது நீளம்? ராணியுடையது. அப்புறம் 9 தானே வரும்.

8 + 4 = __ + 5 என்ற கணக்குக்கு 12 எழுதுவதும் சொல் பிடித்த கதைதான்; இங்கே பிடித்தது சமக் குறியை. கோடிட்ட இடம் எப்போதும் வலது ஓரத்தில் இருந்து இருந்து, "=" என்றால் "விடை எழுது" என்று பழகிவிட்டது. தராசு படம் ஒன்றை வரைந்து இரு தட்டும் சமம் என்று காட்டி, 12 = 8 + 4 என்று திருப்பியும் எழுத வையுங்கள். விடை 7.

வாய்ப்பாட்டைப் பற்றி ஒன்று. பத்துக்குப் பத்து கட்டத்தில் நூறு விடை என்று மலைக்க வேண்டாம். 1, 2, 5, 10 எளிது. மிச்சம் 3, 4, 6, 7, 8, 9. ஏழாறும் ஆறேழும் ஒன்றே என்பதால் மனப்பாடம் செய்ய வேண்டியவை 21 மட்டும். 6 புள்ளி 7 வரிசை வைத்த கோலத்தை வாசலிலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்க்கச் சொன்னால், இடம் மாறியது நாம்தான், புள்ளி மாறவில்லை என்று புரியும். வரிசையை 2, 4, 8 என்றும், பிறகு 3, 6, 9 என்றும் வையுங்கள். 4, 8, 6 மூன்றுக்கும் முந்தையதன் இரட்டிப்பு உதவும், 9-க்கு 3-ஐயும் 6-ஐயும் கூட்டினால் போதும். 7 கடைசியில் தனியாக வரட்டும். அதற்குள் அதில் பெரும்பாலானவை வேறு வாய்ப்பாடுகளில் வந்து போயிருக்கும்.

தனியாக ஒரு பழைய டைரி வைத்துக்கொள்ளுங்கள். தேதி, பக்க எண், தப்பு விடை அப்படியே, பக்கத்தில் ஒரு சொல்: "வழி", "மொழி", "கவனம்". எண்ணை மட்டும் மாற்றி இரண்டு நாள் கழித்து ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை, மூன்று வாரம் கழித்து ஒரு தடவை கேளுங்கள். மூன்று தடவையும் சரி என்றால் டைரியில் அந்த வரியை அடித்துவிடலாம். பேரண்ட்ஸ் மீட்டிங்குக்குப் போகும்போது இந்த டைரியைக் கையில் எடுத்துப் போங்கள். "கணக்கு வர மாட்டேங்குது மிஸ்" என்றால் "வீட்டுல பிராக்டிஸ் பண்ண வைங்க" என்பதுதான் பதிலாக வரும். "நடுவுல சைபர் வந்தா தாண்டிப்போய் வாங்கறான், 274 எழுதறான், கிளாஸ்ல எந்த முறையில சொல்லித் தர்றீங்க?" என்று கேட்டால், மிஸ் அங்கேயே ஒரு தாளை எடுத்துப் போட்டுக் காட்டுவார்.